குடை இழந்த உடைமரம்

பீப்… பீப்… பீப்…

காலையிலேயே தெருவுக்குள் மஞ்சள் இயந்திரம் வந்துவிட்டது. சாக்கடைக்குக் குழி தோண்டுகிறார்கள். முன்னால் போகும்போது அது உறுமுகிறது. பின்னால் வரும்போதுதான் இப்படி விட்டுவிட்டுக் கத்துகிறது. உறுமலைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. பின்வாங்கும் இந்தச் சத்தம் கேட்டால் இருக்கிற இடத்தில் என்னால் இருக்க முடிவதில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மறுபடி வாசலுக்குப் போனேன்.

“என்னத்துக்கு இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி அலையுதீய? சத்தம் பிடிக்கலன்னா சன்னல அடைங்க” என்றாள் என் மனைவி.

சன்னலை அடைத்தால் புழுக்கம். திறந்தால் பீப் பீப்.

இந்த வாரப் பத்தியில் ஆற்றுப் பாலங்களைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். பாலங்கள் எங்கேயும் போய்விடாது. இந்தச் சத்தம் மதியத்துக்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதற்குள் எழுதிவிட வேண்டும், அக்காவும் நானும் ஒரு காய்ந்த குளத்தின் கரையில் நின்ற அந்தச் சில நாட்களை.

நடுவில் ஒரு புகை

கோமதி அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அத்தான் காலமான பிறகு தனியாகத்தான் இருந்தாள். மகன் சங்கர் பெங்களூரில்.

எனக்கு மருந்து விற்பனைப் பிரதிநிதி வேலை. பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக, டாக்டர் டாக்டராகப் போவது. ஒரு நாற்காலியில் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் எனக்கு முதுகில் எறும்பு ஊரும். என் தடத்தில், எதையும் விற்காமல் நான் போய் உட்கார்ந்த ஒரே வீடு அக்காவுடையது. போவேன், காப்பி குடிப்பேன், அவள் பேசுவதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவேன். “உக்காருலே, இன்னும் நான் சொல்லியே முடிக்கல” என்பாள். அடுத்த முறை போகும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

ஒருநாள் காப்பியை நீட்டியபோது டம்ளர் என் கைக்கு ஒரு சாண் தள்ளி வந்தது. அவள் முகம் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எங்க பாக்க?”

“உன்னத்தான் பாக்கேன்.”

அப்புறம் ஆஸ்பத்திரி, சொட்டு மருந்து, வெளிச்சம், படங்கள். விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது என்றார்கள். நேராகப் பார்த்தால், பார்க்கிற பொருளின் மேல் ஒரு புகை உட்கார்ந்துகொள்ளும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் கடைக்கண்ணில் அது தெரியும். எழுத்து போய்விட்டது. முகங்கள் போய்விட்டன. ஒரு கிளையைக் கையில் எடுத்து இலையின் நரம்பை எண்ணிய காலம் போய்விட்டது.

“மிச்சம் என்னக்கா தெரியுது?”

“மொத்தமாத் தெரியுது. ஆளு ஒசரம், ஆளு அகலம், நிக்கிற நெல. வெவரம்தான் இல்ல.” அவள் சிரித்தாள். “இத்தன வருசம் பிள்ளைகளுக்கு வெவரமாச் சொல்லியே தொண்ட வத்திப் போச்சி. இனி மொத்தமாச் சொல்லிக்கிடலாம்.”

சங்கர் போனில் அழைத்துக்கொண்டே இருந்தான். அம்மா தனியாக இருக்க வேண்டாம், பெங்களூருக்கு வந்துவிட வேண்டும். அடுப்பில் ஏதாவது ஆகிவிட்டால்? ரோட்டில் விழுந்துவிட்டால்? அவன் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அவனுடைய வீடு பன்னிரண்டாவது மாடி. அங்கிருந்து பார்த்தால் மரங்களின் தலை மட்டும்தான் தெரியும். “மரத்துக்கு வகிடெடுத்துப் பாக்கவா நான் அங்க வரணும்?” என்பாள் அக்கா.

அந்தச் சமயத்தில்தான் குளத்து வேலை வந்தது.

பந்தயம்

நாங்குநேரிப் பக்கம், பெருஞ்சாலையிலிருந்து கிழக்கே உள்ளே போனால் அந்தக் குளம். மழை பெய்தால் குளம், இல்லாவிட்டால் காடு. பாதிப் பரப்பைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டிருந்தது. ஊர் விவசாயிகள் சேர்ந்து இயந்திரம் பிடித்து அதை அகற்ற ஏற்பாடு செய்தார்கள். அவர்களில் ஒருவர் அக்காவிடம் படித்தவர். அவர்தான் வந்து கேட்டார்.

“டீச்சர், சீமையோட சேத்து நம்ம மரத்தையும் அள்ளிப்பிடக் கூடாது. எது எதுன்னு நீங்க வந்து சொல்லணும்.”

நம்ம மரம் என்று அவர் சொன்னது முக்கியமாக உடைமரத்தை. அந்தத் தேரிச் செம்மணலும் கரிசலும் கலந்த மேட்டுப் பக்கம் எங்கும் முன்பு நின்ற மரம். உடையும் முள், சீமையும் முள். பக்கத்தில் போனால்தான் முள்ளின் வித்தியாசம் தெரியும். உடைக்கு நீளமான வெள்ளை முள். ஆனால் தூரத்திலிருந்தே தெரிவது அதன் உருவம். அடியிலேயே பிரிந்து, மேலே போய்ச் சட்டென்று தட்டையாகிவிடும். யாரோ ஒரு குடையை விரித்து மண்ணில் ஊன்றிவிட்டுப் போன மாதிரி.

அக்கா தன் கண்ணைப் பற்றி அவரிடம் ஒளிக்கவில்லை. “கிட்டப் பாத்தா ஒண்ணும் தெரியாது. எட்ட நின்னு சொல்லுதேன். சம்மதமா?” என்றாள். அவர் சம்மதித்தார்.

அன்று மாலை சங்கர் போனில் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். கண் தெரியாமல் முள் காட்டுக்குள் போகிறாயா என்று அவன் குதித்தான். அக்கா போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவன் ஓய்ந்ததும் நிதானமாகச் சொன்னாள்.

“சங்கரு, ஒரு பேச்சு பேசிக்கிடுவோம். அந்தக் குளத்துல ஒரு மரத்த நான் மாத்திச் சொன்னேன்னு வையி, மறு வாரமே நீ சொல்லுத மாதிரி அங்கன வந்துருதேன். ஒண்ணும் தப்பலன்னா, இனிமே இந்தப் பேச்ச நீ எடுக்கப்பிடாது.”

“அம்மா, இது என்ன வெளாட்டு?”

“வெளாட்டுன்னா வெளாட்டு. உன் மாமன் சாட்சி.”

சாட்சி அப்போது எழுந்து கூடத்துக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

ஏரல் பஸ், குலசை காளி

எனக்கு அவள்மேல் நம்பிக்கை இருந்தது. காரணம் பழையது.

சின்ன வயதில் ஏரலில் எங்கள் சித்தி வீட்டுக்குப் பஸ்ஸில் போவோம். பஸ் என்றால் எனக்கு வாந்தி வரும். அதை மறக்கடிக்க அக்கா ஒரு விளையாட்டு கண்டுபிடித்தாள். தூரத்தில் வருகிற மரத்தின் பெயரை, அது சன்னலைத் தாண்டுவதற்குள் சொல்ல வேண்டும். பஸ் ஓடுகிற ஓட்டத்தில் இலையாவது பூவாவது. உருவம் ஒன்றுதான் கைக்குச் சிக்கும்.

கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தால் புங்கு. ஆற்றில் குளித்துவிட்டுத் துவட்டாமல் வெளுப்பாக, பெரிய காலை அகட்டி நின்றால் மருதம். பந்தியில் இரண்டு இலை இடத்தை அடைத்து உட்காருகிற மனிதர் மாதிரி இருந்தால் இலுப்பை. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மரம் ஓடிவிடும். அவள் சொன்ன பிறகு ஓடும்.

குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு ஒரு வருடம் போயிருந்தோம். கடற்கரை முழுக்க வேஷக்காரர்கள். குறவன், போலீஸ், குரங்கு, எங்கு திரும்பினாலும் காளி. கறுப்புப் பூசி, நாக்கு தொங்க, தலையில் உயரமான கிரீடத்தோடு ஒரு காளி என்னை நோக்கி வந்தபோது நான் அலறிவிட்டேன். அக்கா என் தலையில் தட்டினாள்.

“லே, மூதி. அது நம்ம சித்தப்பால்லா.”

“இல்ல, காளி.”

“மூஞ்சியப் பாக்காத. நிக்கிறதப் பாரு. இடது கால ஒரு சாண் முன்னால வச்சி, இடுப்ப ஒடிச்சிக்கிட்டு… கடையில எண்ணெய் அளக்கையில இப்படித்தான நிப்பாவ?”

காளி சிரித்தது. சித்தப்பாவின் வெற்றிலைப் பல்.

அந்த உப்புக் காற்றும் முகப்பூச்சின் எண்ணெய் வாடையும் இப்போதும் மூக்கில் ஏறுகின்றன. அன்றைக்கு எனக்குப் பட்டது இவ்வளவுதான். முகத்தை மாற்றலாம். நிற்கிற நிலையை யாராலும் மாற்ற முடியாது. அது தப்பு என்று தெரிய இத்தனை வருடம் ஆயிற்று.

மஞ்சள் துணி

இயந்திரம் வருவதற்கு முந்தின நாள், கரையோரம் இருந்த உடைகளுக்கு அடையாளம் வைத்துவிடுவோம் என்று நினைத்தோம். அக்காவின் கண்ணுக்கு ஓரத்தில்கூட நன்றாகத் தெரிகிற நிறம் மஞ்சள். பழைய மஞ்சள் நூல் சேலை ஒன்றை நீள நீளமாகக் கிழித்தாள். நான் மரம் மரமாகப் போய்க் கட்டினேன். முள் சட்டையைக் கிழித்தது. துணி கட்டிய மரத்தை விட வேண்டும், மற்றதை எடுக்க வேண்டும். இதைவிடச் சுலபமான ஏற்பாடு உண்டா?

மறுநாள் காலையில் போனால் குளம் திருவிழாக் கோலத்தில் இருந்தது.

மஞ்சள் துணிக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை. அடிமரத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். எலுமிச்சம்பழம். கண்ணாடி வளையல். ஒரு கொப்பில் கைக்கடக்கமான மரத்தொட்டில் ஒன்று ஆடியது. இதெல்லாம் உடைகளில் மட்டும் என்றால் பரவாயில்லை. உடையில் இடம் போதாமலோ, நடக்கச் சோம்பியோ, சீமைகளிலும் கட்டியிருந்தார்கள். ஒரு சீமைக்கு மூன்று துணி.

இயந்திரத்தின் படியில் உட்கார்ந்து டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும்.

“அண்ணாச்சி, நான் எடுக்க மாட்டேன்.”

“அது சீமைப்பா. அதுல நாங்க துணியே கட்டல.”

“யாரு கட்டுனா என்ன? கட்டியாச்சில்லா. எம் பேரு என்னன்னு தெரியுமா? இசக்கிமுத்து. எங்கம்ம இசக்கியம்மனுக்குத் தொட்டிலு கட்டிப் பெத்த பிள்ள நான். தொட்டிலு தொங்குத மரத்துல வண்டி பக்கெட்ட வச்சிட்டு வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு விழுமா?”

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கரையில் உட்கார்ந்தே விட்டாள்.

“ஏலே, நாம அடையாளம்னு கட்டினோம். ஊரு சாமின்னு எடுத்துக்கிட்டு. மஞ்சத் துணிய எடுத்துக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்.”

ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பேச்சியம்மா. தோளில் தொரட்டி, கொப்பை வளைத்து அறுக்கிற நீளக் கம்பு. அந்தக் குளத்துக்குள்தான் அவளுடைய ஆடுகள் வருடம் முழுக்க மேய்கின்றன. கோடையில் புல் கருகிய பிறகு உடையின் தழையும் நெற்றும்தான் அவற்றுக்கு உணவு.

“நேத்து நீங்க கட்டும்போதே கேக்கணும்னு நெனச்சேன் டீச்சரம்மா, என்ன நேர்த்தின்னு. கேட்டா பலிக்காதுன்னு விட்டுட்டேன்” என்றாள்.

“நீயும் கட்டுனியா?”

“கட்டாம? எம் மவளுக்கு வேல கெடைக்கணும்னு அந்தா அதுல கட்டியிருக்கேன்.”

“அது சீமைல்லா பேச்சி.”

“எனக்குத் தெரியாதா? பக்கத்துல இருந்துச்சி, கட்டுனேன். சாமிக்கு என்ன, சீமையில இருந்தா குத்தவா செய்யும்?”

கடைசியில் அவள்தான் வழி செய்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு மரமாகப் போய்த் துணியை அவிழ்த்தாள். அவிழ்க்கும் முன் மரத்திடம் பேசினாள். “தாயி, இங்கன இரும்பு வருது. நீ பைய எறங்கி அந்த மடைக்குப் பக்கத்துல இருக்க பெரிய மரத்துக்கு வந்துரு. எடமிருக்கு, நெழலிருக்கு.” தொட்டில், வளையல், எலுமிச்சம்பழம் எல்லாம் மதகை ஒட்டி நின்ற நாட்டுக் கருவேலத்துக்குக் குடிபோயின. மீந்த துணிகளை அதன் அடியில் குவித்து வைத்தாள்.

இசக்கிமுத்து இறங்கிப் போய் அந்த மரத்தைக் கும்பிட்டுவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினான்.

எங்களிடம் இப்போது ஓர் அடையாளமும் இல்லை. அக்காவின் கடைக்கண் மட்டும் இருந்தது.

கரையிலிருந்து

அவள் கரையின் மேட்டில் நின்றாள். நான் கீழே, அவளுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில். அவள் சொல்வதை வாங்கி நான் சைகை காட்ட வேண்டும். இரண்டு கையையும் தலைக்குமேல் குடையாக விரித்தால், விடு. கையை வீசினால், எடு. ஓட்டம் எனக்குப் பிடித்த வேலை. அந்த நாட்களில் என் முதுகில் எறும்பு ஊரவில்லை.

“வடக்க பாரு. ரெண்டாள் ஒசரம். அடியிலயே மூணாப் பிரிஞ்சி மேல சப்பையா நிக்கில்லா, அது உடை. விடு.”

“அதுக்குப் பின்னால, எண்ணெய் காணாத தலைய விரிச்சிப் போட்டுக்கிட்டு, எங்க முடியுதுன்னே தெரியாம… சீமை. எடு.”

“கறுப்பா ஒத்தக் காலு, உருண்டத் தலை. கருவேலம். நம்மது. விடு.”

“குட்டையாக் கோணிக்கிட்டு, ஆளுக்கு மீறின எலையோட நிக்கி பாரு, மஞ்சணத்தி. பாவம், அது இங்கன எப்படி வந்துச்சோ.”

மரத்தைப் பார்க்க அவள் மரத்துக்குப் பக்கத்து ஆகாயத்தைப் பார்த்தாள். முதல் நாள் இசக்கிமுத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“டீச்சர் ஏன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்காவ? துணி விசயத்துல கோவமோ?”

“அவுக உன்னப் பாக்கலன்னா உன்னத்தான் பாக்காவன்னு அர்த்தம்.”

அவன் யோசித்தான். “எங்க வீட்டுலயும் ஒருத்தி அப்படித்தான் இருக்கா” என்றான்.

முதலில் சில மரங்களுக்கு, ஓடுகிற சாக்கில், நான் கிட்டப் போய் இலையையும் முள்ளையும் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. பிறகு பார்ப்பதை விட்டேன். எனக்கே அது வேவு பார்ப்பது போல இருந்தது. அவளும் கண்டுபிடித்துவிட்டாள். “நீ எலையப் பாத்துச் சொல்லுதன்னா நான் எதுக்குலே? வீட்டுலயே இருந்திருப்பேன்லா” என்று கரையிலிருந்து குரல் வந்தது.

காடு திறந்துகொண்டே வந்தது. ஒரு வரிசை சீமையை எடுத்தால் அதன் பின்னால் அதுவரை யாரும் பார்க்காத ஒரு குடை நிற்கும். ஒவ்வொரு குடைக்கும் அக்காவின் குரல் ஒரு படி ஏறியது. வகுப்பில் அவள் இப்படித்தான் இருந்திருப்பாள். இடைவேளையில் புளியோதரையை விரலால் தடவி எடுத்துத் தின்றபடி சொன்னாள், “சங்கருகிட்ட இன்னிக்கு நான் போன் பண்ணப் போறதில்ல. வேல முடிஞ்சி பண்ணுதேன். அதுவர பயலு தவிக்கட்டும்.”

கடைசி நாள். வெயில் மேற்கே இறங்கி, மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. நிறம் எல்லாம் அணைந்து, எங்கள் எதிரே வெறும் கறுப்பு உருவங்கள். அக்காவுக்கு அது வசதியான வெளிச்சம் என்றுகூட நான் நினைத்தேன்.

நடுக்குளத்தில் ஒன்று நின்றது. மேலே தட்டை இல்லை. கொப்புகள் கண்ட இடத்தில் கிளம்பிக் கண்ட பக்கம் தொங்கின. அக்கா முகத்தை வலப்பக்கம் திருப்பினாள். இடப்பக்கம் திருப்பினாள். மற்ற மரங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம்.

“சீமை. எடுக்கச் சொல்லு.”

நான் கையை வீசினேன்.

பக்கெட் மரத்தின் தோளில் கை வைத்துத் தள்ளியது. மண் பிளந்தது. மரம் பக்கவாட்டில் மெதுவாகப் படுத்தது. இயந்திரம் பின்வாங்கியது. பீப்… பீப்…

“அய்யோ, அது என் உடைல்லா!”

ஆடுகளை விட்டுவிட்டுப் பேச்சியம்மா ஓடிவந்தாள். இசக்கிமுத்து வண்டியை அணைத்தான். சத்தம் நின்ற பிறகு குளத்தில் ஆட்டு மணி மட்டும் கேட்டது.

வெள்ளை முள்

அக்கா கரையிலிருந்து இறங்கி வந்தாள். கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டாள். விழுந்து கிடந்த கொப்பைத் தடவினாள். விரலில் முள் ஏறியது. எடுக்காமல், அந்த முள்ளின் நீளத்தை இன்னொரு விரலால் அளந்தாள். நீளம். நேர். என் கண்ணுக்கு அதன் வெள்ளையும் தெரிந்தது.

பேச்சியம்மாவுக்கு மரம் போன பதற்றத்தைவிட டீச்சரம்மாவின் முகத்தைப் பார்த்த பதற்றம் அதிகமாகிவிட்டது.

“உங்க தப்பு இல்ல டீச்சரம்மா. நான்தான். வருசா வருசம் கோடையில ஆட்டுக்கு இதுலதான் தழ அறுப்பேன். மேல மேல அறுத்து இதக் குடை இல்லாம ஆக்கிட்டேன். அறுத்த எடத்துலல்லாம் தாறுமாறாத் துளுத்துப் போச்சி. பாத்தா யாருக்குத்தான் தெரியும்?”

“குடை இல்லாட்டியும் அது உடைதான பேச்சி? எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

நான் குறுக்கே விழுந்தேன். “யக்கா, பொழுது அடைஞ்சிட்டு. எதிர்வெயிலு வேற. இந்த வெளிச்சத்துல எவன் பாத்தாலும் சீமைன்னுதான் சொல்லுவான்.”

“எவன் பாத்தாலும்னு நான் பந்தயம் வைக்கலியே.”

நடக்க ஆரம்பித்தேன். விழுந்த மரத்தைச் சுற்றி, இயந்திரத்தைச் சுற்றி. சங்கருக்கு எப்படித் தெரியும்? இங்கே இருப்பது நாங்கள் நான்கு பேர். யார் போய்ச் சொல்லப் போகிறார்கள்? இதையெல்லாம் அவளிடம் வாய்விட்டே சொன்னேன். அவள் அந்த மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்முறையாக நேராகப் பார்த்தாள். புகையைத்தான் பார்த்திருப்பாள்.

இசக்கிமுத்து வேரின் பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

“அண்ணாச்சி, ஒரு பக்கத்து வேரு இன்னும் மண்ணுலதான் கெடக்கு. நிமித்திப் பாப்பமா?”

“நிக்குமாலே?”

“நிக்குமா நிக்காதான்னு எனக்கென்ன தெரியும்? தள்ளத் தெரிஞ்ச வண்டிக்குத் தூக்கவும் தெரியும். அம்புட்டுதான்.”

சங்கிலி போட்டால் பட்டை உரிந்துவிடும் என்றாள் அக்கா. மெத்தென்று ஏதாவது வேண்டும். பேச்சியம்மா மடைப் பக்கம் ஓடினாள். கருவேலத்தின் அடியில் குவித்து வைத்திருந்த துணிகளை அள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக அடிமரத்தில் சுற்றினோம். அதன் மேல் சங்கிலி. பக்கெட் பைய எழும்பியது. மரம் ஒரு நோயாளியைப் போல, பாதி தன் பலத்தில் பாதி பிறர் பலத்தில் எழுந்தது. முழுக்க நிமிரவில்லை. கிழக்கே சாய்ந்து நின்றது. இசக்கிமுத்து மண்ணை அள்ளிப் போட்டு, பக்கெட்டின் முதுகால் தட்டித் தட்டி இறுக்கினான். பேச்சியம்மா குடத்தில் தண்ணீர் எடுக்கப் போனாள்.

திரும்பி வரும்போது என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து அக்கா போன் பேசினாள்.

“சங்கரு, டிக்கெட் போடு.”

காற்றில் அவன் பேசியது எனக்குக் கேட்கவில்லை. சிறிது நேரம் கழித்து அவள் சொன்னாள்.

“நீ சும்மா கேட்டிருப்ப. நான் சும்மா சொல்லல.”

நான் வண்டியை முறுக்கினேன். நாங்குநேரியிலிருந்து பாளையங்கோட்டை வரை சாலையோரத்து மரங்கள் பெயர் சொல்லப்படாமலே ஓடின.

பெங்களூர் வண்டி

சந்திப்பு ரயில் நிலையத்தில் நான் செய்ததெல்லாம் நடப்பதுதான். தண்ணீர் பாட்டில் வாங்கினேன். பெட்டி எண்ணை மறுபடி பார்த்தேன். அல்வாக் கவரைக் கொடுத்துவிட்டு, பழம் வாங்க ஓடினேன். சங்கர் உள்ளே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அம்மாவைக் கூட்டிப்போகத் தானே வந்திருந்தான். பந்தயத்தில் ஜெயித்தவனின் முகம் இல்லை அவனுக்கு. “மாமா, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். அவன் தோளைத் தட்டிவிட்டு மறுபடி நடக்கப் போனேன்.

அக்கா சன்னலோரம். கம்பிக்கு வெளியே விரல்கள்.

“உடைய போயிப் பாத்தியா?”

“நேத்துப் போனேன். பேச்சி தெனமும் ஒரு கொடம் ஊத்துதா. ஆட்ட அண்ட விடல. துணிய அவுக்கவும் விடமாட்டேங்கா.”

“மரம் எப்படி இருக்கு?”

நல்ல பொய் ஒன்று வாய்வரை வந்தது. அவளிடம் எடுபடாது.

“எலயெல்லாம் கொட்டிட்டுக்கா.”

அவள் முகம் மலர்ந்தது. அவள் தவறாகக் கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

“கொட்டிட்டா? கொப்புல காஞ்சி ஒட்டிக்கிட்டு நிக்கலியே?”

“இல்ல, எல்லாம் கீழதான் கெடக்கு.”

“அப்ப உள்ள உசுரு கெடக்குலே. செத்த கொப்பு எலய விடாது, அப்படியே பிடிச்சிக்கிட்டு நிக்கும். எலய உதறணும்னா அதுக்கு உசுரு வேணும்.” கம்பியை விரலால் தட்டினாள். “ஐப்பசி மழ வரட்டும். போயிப் பாத்துச் சொல்லு. எலய எண்ண வேண்டாம். எட்ட நின்னு, எப்படி நிக்கின்னு மட்டும் சொல்லு.”

“சரிக்கா.”

விளக்கு மாறியது. வண்டி ஒருமுறை குலுங்கியது. எனக்குக் கால் தரிக்கவில்லை. சன்னலுக்கு இந்தப் பக்கம் போனேன், அந்தப் பக்கம் போனேன், கூடையோடு வந்த ஒரு பூக்காரிக்கு வழிவிட்டு ஒதுங்கினேன், மறுபடி வந்தேன். அக்காவின் முகம் என்னைத் தேடியது. எனக்குப் பக்கத்தில் இருந்த தூணில் போய் நின்றது.

“ஏலே, ஒரு எடத்துல நில்லேன். கூட்டத்துல ஓடிக்கிட்டே இருந்தா நான் எத நீன்னு பாக்க? கொஞ்சம் அசையாம நில்லு. பாத்துக்கிட்டுப் போறேன்.”